மூன்று சிம்மும் ஒரு டவரும்

அன்றைக்கு வேலை கிடைக்காவிட்டால் அனோஜா ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கொழும்புக்குப் போய் உடுப்புக் கடையில் நிற்க வேண்டியதுதான். மாமா மகள் முதலாளியிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்தவளுக்கு மூன்று நேர்முகம் கைவிட்டுப் போய், இது நாலாவது. கம்பனி கொழும்பில் என்றாலும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக அவள் அம்மா சுகிர்தம் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கும் போகாமல் வீட்டில் நின்றாள்.

நேர்முகம் காலை பத்து மணிக்கு, போனில் முகம் பார்த்து. நம்ம மலையில் சிக்னல் படுத்தும் பாட்டை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒன்று தேவையென்றால் மற்ற வீடுகள் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்குக் கதிரை கொடுப்பதுபோல அன்றைக்கு போன் கொடுத்தார்கள். மூன்று போன், மூன்று வேறு வேறு கம்பனி சிம். ஒன்று விழுந்தால் அடுத்தது தூக்கிக்கொள்ளும். படித்த பாடத்தை வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டோம் என்று அனோஜாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நேர்முகம் எடுத்தவர் ரிஃப்னா. ஆங்கிலத்தில் கேட்டார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், சேர்வர் என்றால் என்ன என்பதற்கே அனோஜா தடுமாறினாள். ரிஃப்னா நல்ல மனுஷி. தமிழிலேயே சொல்லுங்கள், புத்தகத்தில் இருப்பது வேண்டாம் என்று சொல்லி, லோட் பேலன்சர் எதற்கு என்று கேட்டார்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல ரெண்டு தராசு இருக்கும் மேடம். எல்லாரும் ஒண்ணுலயே போய் நின்னா பொழுது போயிரும். கங்காணி நின்னு, நீ இங்க, நீ அங்கன்னு பிரிச்சு அனுப்புவாரு. சேர்வருங்களுக்கு நடுவுல அந்த வேலையத்தான் மேடம் லோட் பேலன்சர் பாக்குது."

ரிஃப்னா வாய்விட்டுச் சிரித்தார். சரி, சிங்கிள் பொயின்ட் ஒஃப் ஃபெயிலியர் என்றால் என்ன என்று அடுத்த கேள்வியைப் போட்டார். எந்த ஒன்று விழுந்தால் மொத்தமும் விழுமோ, அது. அனோஜாவுக்கு விடை தெரியும். வாயைத் திறந்தாள், திரையில் ரிஃப்னா அப்படியே உறைந்து போனார்.

இரண்டாவது போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. மூன்றாவதும் அதே கதை. விசாரித்தால், மலை உச்சி டவரில் கரண்ட் போய்விட்டதாம். மூன்று கம்பனிக்காரர்களும் தங்கள் பெட்டிகளை அந்த ஒரே டவரில்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள். அட பாவிகளா! அனோஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சுகிர்தம் பக்கத்து வீட்டு லோரன்ஸைக் கூப்பிட்டு, மகளைப் பிடித்து அவனுடைய ஆட்டோவில் தள்ளினாள். கொட்டகலை பஜாரில் நஸார் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் கேபிள் வழியாக இன்டர்நெட் வருகிறது, அதற்கு டவர் வேண்டாம். கரண்ட் போனது என்று மட்டும் சொல்லு, உன் மேல் பிழையில்லை என்று லோரன்ஸ் வழி நெடுகப் படித்துப் படித்துச் சொன்னான். நஸார் நானா பெயின்ட் டின்களை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார்.

அரை மணி நேரம் பிந்தி மறுபடி ரிஃப்னாவின் முகம் வந்தது. சிரிப்பு இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். லோரன்ஸ் சொல்லிக் கொடுத்தது அனோஜாவின் நாக்கு நுனி வரை வந்தது. பிறகு, போனால் போகட்டும் என்று உள்ளதையே சொன்னாள்.

"பிழை என்னோடதுதான் மேடம். மூணு சிம் வச்சிருந்தேன். மூணும் ஒரே டவரான்னு கேக்காம விட்டுட்டேன். லயத்துப் பீலியில மூணு கொடத்த வரிசையா வச்ச மாதிரி. பீலியில தண்ணி வரலேன்னா மூணும் காலிதானே? நீங்க கேட்ட கேள்விக்குப் பதிலும் அதுதான்."

ரிஃப்னா எதையோ யோசிப்பவர்போல மேசையைப் பார்த்தார். முடிந்தது, இனி உடுப்புக் கடைதான் என்று அனோஜா நினைத்துக்கொண்டாள். ரிஃப்னா பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"அம்ஹர், எங்கட டேட்டா மூணு கொப்பி எடுத்து வச்சிருக்கோம்தானே. அதெல்லாம் எங்க இருக்கு?"

எல்லாம் பத்திரமாகக் கீழ் அறையில்தான் இருக்கிறது என்றது ஓர் ஆண் குரல். மூன்றுமா என்று ரிஃப்னா கேட்டார். மூன்றும்தான் என்று தொடங்கிய குரல், ஐயோ மேடம் என்று முடிந்தது.

ரிஃப்னா மெதுவாகத் திரும்பினார்.

"தங்கச்சி, திங்கக்கிழமையே தொடங்க ஏலுமா? மொத வேலையா எங்கட பீலிக்கு ஒரு வழி பண்ணணும்."

அனோஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பட்ட அடி மறக்குமா?

"வாறேன் மேடம். ஆனா திங்கக்கிழமை நான் நஸார் நானா கடையில இருந்துதான் வேல செய்வேன்."