பெயிண்டர் அக்காவின் புருவம்

கார் பட்டறையில் எல்லோருக்கும் அவள் பெயிண்டர் அக்கா. வயது நாற்பத்துநாலு. எப்பேர்ப்பட்ட வண்டி வந்தாலும் ஒட்டுத் தெரியாமல் கலர் சேர்த்துவிடுவாள். அதைத் தானே சொல்லிக்கொள்ளவும் கூச்சப்பட மாட்டாள். அடித்த கலர் காய்வதற்குள் விரல் வைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய வியாதி வந்து, அதற்கு எடுத்துக்கொண்ட மருந்தில் தலைமுடியோடு புருவமும் போனது. வியாதி ஒழிந்தது. தலைமுடியும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது. புருவம் மட்டும் வரவில்லை. அது இல்லாத முகத்தைப் பார்த்துப் பார்த்து, பட்டறை மொத்தமும் அவளை இன்னும் நோயாளியாகவே வைத்திருந்தது. கனமான வேலை தருவதில்லை. எதைச் சொன்னாலும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள். நல்ல மனசுதான், ஆனால் அவளுக்கு அதில் உடம்பெல்லாம் எரிந்தது.

அதனால்தான் மைக்ரோபிளேடிங் செய்கிற கடைக்குப் போனாள். மெல்லிய கத்தியால் புருவத்துத் தோலில், முடி மாதிரியே இழை இழையாகக் கீறி நிறம் ஏற்றுகிற வேலை. செய்தவள் சின்னப் பெண். பேச்சில் மட்டும் கறார்.

"பத்து நாளைக்குத் தண்ணி, வேர்வை, வெயில், தூசி எதுவும் படக்கூடாதுக்கா. ஈரப் பஞ்சால ஒத்தி எடுத்துட்டு, களிம்பை அரிசியளவு தொட்டு மெல்லிசா தடவுங்க. பொருக்கு கட்டும், அரிக்கும். கை வைக்காதீங்க. அதுவா உதிரணும்."

"இதை எங்கிட்டயா சொல்றே? காயறதுக்குள்ள கை வைக்கிறவங்களைத் திட்டித் திட்டியே எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

பட்டறைத் தூசி ஆகாது என்று பத்து நாள் லீவு போட்டாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற கணவன் அவளை நாற்காலியில் பின்னால் சாய வைத்து, ஒரு சொட்டு நெற்றிக்கு வராமல் தலையை அலசிவிட்டான். "பஸ்ஸைக்கூட இவ்வளவு பதமா நான் கழுவுனதில்ல" என்றான். புருவம் முதலில் கன்னங்கரேலென்று தடித்துத் தெரிந்தது. "ரெண்டு கம்பளிப்பூச்சி உக்காந்திருக்கு" என்று சிரித்தவனை அவள் சட்டை செய்யவில்லை.

ஏழாம் நாள் காலை வலது புருவத்துப் பொருக்கு தலையணையில் உதிர்ந்து கிடந்தது. ஆசையாகக் கண்ணாடி முன் போய் நின்றவளுக்குப் பகீரென்றது. அடியில் ஒன்றுமே இல்லை, வெளிறிய தோல்தான். இடது புருவத்தின் வால் பக்கமும் பொருக்கு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அவளுக்கு இருபது வருஷத் தொழில் புத்தி வேலை செய்தது. கலர் பிடிக்காமல் ஓரம் எழும்பினால், பரவுவதற்குள் எழும்பினதை எடுத்துவிட்டு மறுகோட் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். நகத்தைக் கொடுத்து, வண்டியில் ஒட்டின டேப்பை எடுக்கிற மாதிரி, பொருக்கைத் தாழ்வாகப் பிடித்து இழுத்தாள். சுளீரென்று வலித்தது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

நேரே கடைக்குப் போனாள். "வலது பக்கம் கலர் பிடிக்கல. இடதும் உரிய ஆரம்பிச்சுது, நானே எடுத்துவிட்டுட்டேன். இன்னிக்கே ரெண்டாவது கோட் போட்டுடு."

அந்தப் பெண் விளக்கை இழுத்து வைத்து இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள்.

"வலது பக்கம் நல்லாத்தான் இருக்குக்கா. நிறம் உள்ள இருக்கு. மேல புதுத்தோல் மூடியிருக்கறதால வெளுப்பா தெரியுது. நாலு வாரத்துல தெளிஞ்சு வந்துடும். நிறம் போகப்போறது இங்கதான், நீங்க இழுத்த இடத்துல."

"தகரத்துல நாங்க அப்படித்தானே செய்வோம்."

"தகரம் ஆறாதுக்கா. தோல் ஆறும். அதை ஆற விடணும்."

பெயிண்டர் அக்காவுக்கு முகம் சிவந்துபோனது. கை வைத்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. "தப்பு என்னோடதுதான்" என்றாள். அப்புறம், பயத்தை மறைக்காமல் கேட்டாள்: "தழும்பாயிடுமா?"

"இனிமே தொடாம இருந்தா ஆகாது. ஆறு வாரம் கழிச்சு வாங்க, விட்டுப்போன இடத்தை நிரப்பிடலாம்."

அன்றிலிருந்து வீட்டில் பட்டறைக் கையுறையோடுதான் உட்கார்ந்திருந்தாள். கணவன் சிரித்தபோது, "இந்தக் கையை நம்ப முடியாது" என்றாள். நாலாவது வாரம் வலது புருவம் இழை இழையாக மேலே வந்தது. இடதில் வால் பக்கம் அரிசியளவு காலியாக இருந்தது. ஆறாவது வாரம் அதையும் நிரப்பி, மறுபடி பத்து நாள் காத்து, பொருக்கு தானாக உதிர்ந்து, நிறமும் தெளிந்த பிறகு அந்தப் பெண் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.

"பழைய மாதிரி இருக்காக்கா?"

"இல்ல. பழசு இவ்வளவு நல்லா இருந்ததில்ல."

மறுநாள் பட்டறையில் ஒரு நீலக் கதவுக்குக் கலர் அடித்து நிறுத்தியிருந்தாள். முதலாளி வெளியிலிருந்து வேகமாக வந்தார். கதவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா வேலை பாக்குறே? ஒரு கதவுக்கு ஒரு நாளா? கஸ்டமர் வாசல்ல நிக்கிறாரு, நான் என்ன பதில் சொல்றது?" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கத்தியதற்கு வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

இரண்டு வருஷமாக அந்த மனுஷன் அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"காய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அவரை நிக்கச் சொல்லுங்க" என்று அவளும் அதே குரலில் கத்தினாள்.