எத்தனை படகு தாங்கும்?

எங்கள் ஓடையில் எத்தனை சுற்றுலாப் படகு விடலாம் என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். அலையாத்திக் காட்டுக்குள் புகும் அந்த ஓடையின் கரையில்தான் என் மகள் நண்டு பிடிக்கிறாள். படகின் அலை அடித்தால் நண்டு வளைகள் இடிந்துபோகும். அவள் பிழைப்பும் அதோடு சரி. அவளுடைய தாய்மாமன், அதாவது என் மச்சான், படகுக்காரர். இருபது படகுக்குக் குறைந்து அவரிடம் பேச்சே கிடையாது.

இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்று சுற்றுலாத் திட்ட அதிகாரியம்மா சொன்னதால், கூட்டம் ஓடையின் சேற்றுக் கரையில் நடந்தது. அந்த அம்மாவும் நானும் பலகை மேல் நின்றோம். மச்சானுக்கு மட்டும் என் மகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சேற்றிலேயே போட்டாள். தாய்மாமன் ஆயிற்றே, மரியாதை.

"இருபது படகு. குறைச்சா கட்டுப்படி ஆகாது" என்றார் மச்சான். நாற்காலியின் கால்கள் உள்ளே போயின.

"இந்த இடம் அவ்வளவு தாங்குமா?" என்றார் அதிகாரி.

"நான் சொல்றேன்ல மேடம், முப்பதே தாங்கும்!"

இடுப்பு வரை போய்விட்டார். எனக்குத் தெரிந்து, ஆள் விடுகிற கதையை இவ்வளவு சரியாக எடை போடும் சேறு வேறெங்கும் கிடையாது.

"கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன் மாமா" என்றாள் மகள்.

"போடி! எல்லாம் உங்கப்பன் கிளப்பிவிடுற புரளி. நாப்பது!"

கழுத்து வரை. சேற்றில் துள்ளும் சின்ன மீன் ஒன்று அவர் தலையில் ஏறி உட்கார்ந்து கூட்டத்தைக் கவனித்தது. அதுவும் உள்ளூர்வாசிதான் என்பதால் யாரும் விரட்டவில்லை.

"பத்து" என்றார் மச்சான், நாடி நனைந்ததும். தோள் தெரிந்தது. "அஞ்சு." வயிறு வந்தது. "சரி தாயே, ரெண்டு!" சேறு முழங்காலோடு நின்றுவிட்டது.

"இன்ஜின் வச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஐயையோ, துடுப்புதான்!"

சேறு அவரைத் துப்பிவிட்டது. நாற்காலியைத் தரவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார்: இரண்டு படகு, துடுப்பு மட்டும், குஞ்சு நண்டு வரும் மாதங்களில் அதுவும் இல்லை.

"எழுதிட்டீங்க, துடுப்பை யாரு போடுறது?" என்று முனகினார் மச்சான்.

"வாய்ச்சண்டை போடுற தெம்புல பாதி போதும் மாமா" என்ற மகள், கூடையோடு வளைகளைப் பார்க்க இறங்கிவிட்டாள்.

மச்சான் அதிகாரி பக்கம் திரும்பி, "ரெண்டரைன்னு போட முடியாதா மேடம்?" என்றார். பலகை மேல் பத்திரமாக ஏறி நின்றுகொண்டுதான் கேட்டார்.