பள்ளத்துப் பக்கம்

“நிமித்தாத முனிராஜு, சாச்சுப் புடி. நெலப்படியில ஒரசுது பாரு.”

மெத்தை பாதி வாசலிலும் பாதி கூடத்திலுமாக மாட்டிக்கொண்டு நின்றது. சந்திரமோகன் உள்ளேயிருந்து இழுத்தார். கடையில் வேலை பார்க்கும் முனிராஜ் வெளியிலிருந்து தள்ளினான். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி மெத்தைக் கடை வைத்திருக்கிற மனிதர், மெத்தை நுழையாத வாசலாகப் பார்த்துத் தன் வீட்டைக் கட்டியிருந்தார். மேஸ்திரியைத் திட்டலாமென்றால், வாசலைச் சின்னதாக வைக்கச் சொன்னதும் அவரேதான்.

அந்த வாரத்தில் இது மூன்றாவது மெத்தை.

“இனிமே வூட்லயே வெச்சுப் பாத்துக்குங்க” என்று சேலத்து டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து அவர் மனைவி பானுமதிக்குத் தூக்கமே இல்லை. சதையெல்லாம் போய் எலும்புதான் கட்டிலில் கிடந்தது. எப்படிப் படுத்தாலும் குத்தியது. நோயைப் பற்றிச் சந்திரமோகனுக்கு ஒன்றும் தெரியாது. மெத்தையைப் பற்றித் தெரியும். ஆகவே தெரிந்த பக்கத்திலிருந்து வைத்தியத்தை ஆரம்பித்தார். முதலில், முதுகுவலிக்காரர்கள் வாங்கும் கெட்டியான நார் மெத்தை. அதில் அவள் இடுப்பெலும்பு கன்றிப்போனது. அடுத்து, உட்கார்ந்தால் ஆளையே விழுங்கும் ஃபோம் மெத்தை. அதில் புதைந்து போய் அவளால் திரும்பிப் படுக்க முடியவில்லை. இப்போது வந்தது கெட்டியுமில்லை, மெதுவுமில்லை. கடையின் முகப்பில் வைத்து, வாங்கப் போவதில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காட்டும் சரக்கு.

மகள் காவியா அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். தூக்க அவள் ஒருத்தியே போதுமாக இருந்தது.

புது மெத்தையைப் போட்டு பானுமதியைப் படுக்க வைத்தார்கள். அவள் அசைந்ததும் அடியில் மொறமொறவென்று சத்தம் கேட்டது.

“எப்படி இருக்குது பானு?”

“நல்லாருக்குதுங்க.”

இந்த ‘நல்லாருக்குதுங்க’ அவருக்குத் தெரிந்ததுதான். கடைக்கு வருகிறவர்களை மல்லாந்து படுப்பவர்கள், ஒருக்களித்துப் படுப்பவர்கள், குப்புறப் படுப்பவர்கள் என்று அவர் பிரித்து வைத்திருந்தார். இதில் எதிலும் சேராத ஓர் இனமும் உண்டு. புருஷன் படுத்துப் பார்க்கும்போது அவன் செருப்புக்குக் காவலாக நிற்கும் பெண்கள். எந்த மெத்தையைக் காட்டினாலும் ‘நல்லாருக்குதுங்க’ என்பார்கள். வியாபாரத்துக்கு மிகவும் உகந்தவர்கள்.

“ஏம்ப்பா, கவரப் பிரிக்கலயா?” என்றாள் காவியா.

தன் கை அந்த வேலைக்குப் போகவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. கடையில் அவராகக் கண்டுபிடித்த ஸ்கீம் ஒன்று உண்டு. கவரைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி வீட்டில் படுத்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாப்பாரப்பட்டியிலிருந்தெல்லாம் அதற்காகவே ஆட்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் கிழியாதவரை மெத்தை புதுசுதான். வீட்டுக்கு வந்த மூன்றுக்கும் கை தானாக அந்தப் புத்தியில்தான் இருந்திருக்கிறது.

“கத்திரிய எடும்மா” என்றார்.

“வேணாங்க” என்றாள் பானுமதி. “ஒரு ராத்திரி படுத்துப் பாக்கறேன். ஊருக்கெல்லாம் ஸ்கீம் குடுக்கறீங்க, எனக்கு மட்டும் கெடையாதா?”

முனிராஜ் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். சந்திரமோகனும் சிரித்தார். சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டால் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடலாம் என்பது அவருடைய நெடுநாள் சௌகரியம். கத்திரி ஆணியிலேயே தொங்கியது.

மத்தியானம் காவியா கஞ்சி வைக்கப் போனாள். சந்திரமோகன் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பானுமதி கண்ணை மூடவில்லை. மூன்றாவது மெத்தையும் தோற்றுக்கொண்டிருந்தது. எங்கே தப்பு என்று யோசித்தார். கடையில் எவன் வந்தாலும் எடுத்தவுடன் கேட்கும் கேள்வியை இங்கே கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

“பானு, நீ எப்படிப் படுப்ப?”

“எப்படின்னா?”

“மல்லாந்தா, ஒருக்களிச்சா, குப்புறவா?”

பானுமதி அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

“கஸ்டமரா வந்திருந்தா அன்னிக்கே கேட்டிருப்பீங்க.”

“இப்பக் கேக்கறன்ல. சொல்லு.”

“எடது பக்கமா ஒருக்களிச்சு, காலு மடக்கி. அது கல்யாணத்துக்கு முன்ன.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா. உங்க பக்கம் பள்ளம். நீங்க படுத்தா மெத்த அப்படியே எறங்கிரும். நான் உருண்டு வந்து உங்க முதுகுல இடிச்சுக்குவேன். அதுக்காவ அந்தப் பக்கமாத் திரும்பி, இந்தச் சட்டத்தப் புடிச்சுக்கிட்டுத் தூங்குவேன்.”

கட்டில் சட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“தூக்கத்துல எப்படிப் புடிப்ப?”

“பழகிட்டா கை தானாப் புடிச்சுக்கும்.”

“ஏன் பானு சொல்லல நீ?”

“சொன்னனே. ‘உங்க பக்கமே உருண்டு வர்றேங்க’ன்னு. நீங்கதான் அத கடையில போயிச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க.”

சொல்லியிருந்தார். மெத்தை பார்க்க வரும் புது ஜோடிகள் அத்தனை பேரிடமும். ‘மெத்த அமைஞ்சா எல்லாம் அமையும் தம்பி. எங்க வூட்டம்மா இன்னிக்கும் ராத்திரி பூரா என் பக்கமே உருண்டு வருது.’ பெண் வெட்கப்படுவாள், மெத்தை விற்றுவிடும். அடுத்த ஜோடி வந்ததும், ஒருவர் கனமாகவும் ஒருவர் லேசாகவும் இருந்தால் மெதுவான மெத்தை ஆகாது, லேசானவர் கனமானவர் பக்கம் சரிந்துவிடுவார் என்று பாடமும் நடத்துவார். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன. ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. தொண்ணூறு கிலோ உடம்பு உண்டாக்கிய சரிவை இத்தனை காலமும் அவர் பிரியம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“ஒரு நாளாவது நீயா வந்ததில்லயா?” என்று கேட்டார்.

பானுமதி கொஞ்சம் யோசித்தாள். அவர் மனசுக்காக யோசிக்கிறாளா, நிஜமாகவே யோசிக்கிறாளா என்று தெரியவில்லை.

“மார்கழியில வருவேன்” என்றாள். “குளுரும்ல.”

சந்திரமோகன் எழுந்தார். அவளை மெல்ல இடது பக்கமாகத் திருப்பினார். மடக்கிய முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தார். முதுகுக்குப் பின்னால் ஒன்று. தோளுக்கும் கழுத்துக்கும் இடையிலிருந்த பள்ளத்தில் துண்டை மடித்துச் செருகினார். கடையில் இதையெல்லாம் வாயால் மட்டுமே செய்து பழக்கம்.

“இப்ப எப்படி இருக்குது?”

“கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்” என்றாள்.

‘நல்லாருக்குதுங்க’ என்று அவள் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தார்.

தூங்கிவிட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடியிலிருந்த பிளாஸ்டிக் லேசாக முனகியது. இப்போது கவரைப் பிரிக்கப் போனால் விழித்துக்கொள்வாள். காவியா கஞ்சியோடு வந்தபோது கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். வெயில் தாழ்ந்து ஜன்னல் வழியாகக் கட்டில் காலுக்கு வந்தது. எப்போதோ முனகல் நின்றிருந்தது. தூக்கம் நன்றாக இறங்கிவிட்டது என்று நினைத்தார். காவியா மறுபடி வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்வரை, மெத்தை அமைந்துவிட்டதென்ற சந்தோஷத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை பானுமதியின் அண்ணன் மாதவராஜ் பென்னாகரத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். பந்தல், பறை, குழி தோண்ட ஆள் எல்லாம் அவர் ஏற்பாடு. இறந்தவர் படுத்த படுக்கையைப் பாடைக்கு முன்னால் கொண்டுபோய் வழியில் போட்டுவிட வேண்டும். முனிராஜ் மெத்தையைத் தூக்க வந்தான்.

“இருப்பா” என்றார் மாதவராஜ். குரலைத் தாழ்த்தி, “மாப்ள, கவரு கூடப் பிரிக்கல. தொடச்சா புதுசாட்டம் கடைக்கு ஆயிரும். சாங்கியத்துக்குப் பழைய பாயி எதாச்சும் இருந்தாக் குடுங்க, போட்டுக்கலாம்” என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். சந்திரமோகனே பலருக்கு இப்படிப் புத்தி சொல்லியிருப்பார்.

சந்திரமோகன் ஆணியிலிருந்து கத்திரியை எடுத்தார். கவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கிழித்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தச் சத்தத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவ படுத்ததுதான் போவணும்” என்றார். பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார். காவியா வந்து வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் வழக்கப்படி சொந்தப் புன்செய்க் காட்டிலேயே அடக்கம். சரளை மண். குழி தோண்ட வந்த தீர்த்தன் கடப்பாரை போட்டுத்தான் தோண்டியிருந்தான். பாடையை இறக்கி வைத்தார்கள். சந்திரமோகன் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

“மாப்ள, என்னா பண்றீங்க?”

“தீர்த்தா” என்றார் கீழேயிருந்து. “எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்க ஆவுமா?”

தீர்த்தன் மாதவராஜைப் பார்த்தான். “மல்லாத்தித்தாங்க வெப்போம். இனிமே காலும் மடங்காதுங்க.”

“அப்படியெல்லாம் வழக்கமில்ல மாப்ள. மேல வாங்க. வெயிலு ஏறுது.”

யாரோ இரண்டு பேர் கையை நீட்டினார்கள். சந்திரமோகன் அதைப் பிடிக்கவில்லை. வாதாடவும் இல்லை. மண்டியிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவினார். மல்லாந்து படுத்தால் பாரம் எங்கெங்கே இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். தோள் வரும் இடத்தில் அழுத்திப் பார்த்தார். ஒரு கல்லைப் பெயர்த்து மேலே விளிம்பில் வைத்தார். இடுப்பு வரும் இடத்தில் கல் ஆழமாக இருந்தது. விரலால் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழிவில் மண்ணைப் போட்டு நிரவினார். மேலே பறை நின்றது. நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

விளிம்பில் வைத்த கல் ஒன்று சரிந்து திரும்பவும் உள்ளேயே விழுந்தது. மாதவராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்தார். குழி ஓரமாகக் குந்தி, அதை விரித்து நீட்டினார். சந்திரமோகன் நிமிர்ந்து பார்க்காமலே கற்களை அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ள” என்றார் மாதவராஜ், கொஞ்ச நேரம் கழித்து. “கால்மாட்டுல ஒண்ணு உட்டுட்டீங்க.”

சந்திரமோகன் முழங்காலாலேயே நகர்ந்து அங்கே போனார்.