வேப்பமரத்தடியில் விட்ட செருப்பு

நாய்கள் வர மறுத்தபோதுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினோம். நானும் மோனிகா அக்காவும், எங்கள் வீட்டு நாய்கள் ராணியும் பிஸ்கட்டும். திங்கட்கிழமை அக்கா சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் ஒருமுறை நாய்களோடு கன்னிமார் சுனைக்குப் போய்வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். செஞ்சிக் கோட்டை மலையில் டிக்கெட், கூட்டம், குரங்கு. இது ஊருக்குப் பின்னால் இருக்கும் மொட்டை மலை. யாரும் வரமாட்டார்கள்.

பாதிக்கு மேல் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். அதைத் தாண்டி யாரும் செருப்போடு போகக் கூடாது. போன வருஷம் ஜெயராமன் பெண்டாட்டி மறந்துபோய்ப் போனாளாம். பதினைந்து நாளில் அம்மை கண்டு படுத்துவிட்டாள். நாங்களும் மரத்தடியில் கழற்றி வைத்தோம். மரத்திலிருந்து சுனைவரைக்கும் ஒரே பாறை. செஞ்சி பஸ் ஸ்டாண்டைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஒரு புல் இல்லை, ஒரு நிழல் இல்லை. காலையில் அது குளுகுளுவென்று இருந்தது. பிஸ்கட் அதன்மேல் புரண்டு புரண்டு விளையாடியது.

சுனை வற்றிக் கிடந்தது. கன்னிமார் ஏழு கல்லுக்குப் பின்னால், பெரிய பாறையின் அடியில் கொஞ்சம் நிழல். அங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். அதில் பாதியை அக்கா நாய்களுக்கு ஊற்றினாள்.

"நாலு நாளா சரியா தூங்கலடி. கொஞ்ச நேரம் படுக்கிறேன்."

வெயில் ஏறினால் பாறை சுடும் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது.

அக்கா எழுந்தபோது மணி பன்னிரண்டு. "ஐயோ, அம்மா திட்டுவாங்க, வா வா" என்று கிளம்பினாள். பிஸ்கட் முன்னால் ஓடியது. பாறையில் ஒரு கால் வைத்தது. கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்து காலை நக்கியது. ராணி கிழட்டு நாய். அது எழுந்திருக்கவே இல்லை.

"பயந்தாங்கொள்ளிங்க" என்று சிரித்த அக்கா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பதினைந்து எட்டு போயிருப்பாள். நின்று, துள்ளி, திரும்பி, அழுதுகொண்டே வந்து விழுந்தாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்து உப்பியிருந்தன.

போனை எடுத்தேன். ரொம்பச் சூடாகிவிட்டது என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோனது. கீழே பஸ் ஹாரன் நன்றாகக் கேட்டது. நாங்கள் கத்தினால் அங்கே கேட்காது.

ஒரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, வெயில் எங்கள் முழங்காலைத் தொட்டது. ராணி சுனைக் குழியின் ஓரத்தில், பாறை இடுக்கில் மண்ணைப் பறித்துவிட்டு, வயிறு பதியப் படுத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. நானும் கையால் பறித்து அக்காவை இழுத்துப் படுக்கவைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அக்காவுக்கு வேர்க்கவில்லை. உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது.

"அனு, பஸ்சு வந்துட்டுது. ஏறு."

"அக்கா, இன்னா சொல்ற?"

"ஏறுடி. சீட்டு போயிடும்."

கண் என்னைப் பார்க்கவில்லை. இவள் இங்கேயே செத்துப்போவாள் என்று தெரிந்தது.

துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றி முடிந்துகொண்டேன். பாதிப் பாறையில் ஒரு கால் துணி அவிழ்ந்தது. நிற்கவில்லை. நின்றால் அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் போய் விழுந்தபோது வலது கால் என்னுடையதாகவே இல்லை.

மரத்துக்குக் கீழ்ப்பக்கச் சரிவில் ஆடு மேய்க்கும் வீராசாமி மாமா நின்றிருந்தார். கையில் தண்ணீர்க் கேன்.

"யாரு, அனுவா? இன்னாம்மா இது கோலம்?"

"அக்கா... மேல..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

புரிந்துகொண்டார். மேலே ஓடிவந்தவர் மரத்தடி வந்ததும் பழக்கத்தில் செருப்பை உதறினார். பாறையில் கால் வைத்தார். "யப்பா!" என்று பின்வாங்கினார். கழற்றிய செருப்பையும் மேலே கன்னிமார் இருக்கும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படிம்மா போறது? ஆத்தா இருக்குறா..."

எனக்கும் அதே பயம்தான். தெருவில் அம்மை கண்ட வீட்டைக்கூட நான் சுற்றிக்கொண்டு போகிறவள். ஆனால் அக்காவுக்கு வேர்க்கவில்லை. என் செருப்பில் காலை நுழைத்தேன். அக்கா செருப்பைக் கக்கத்தில் இடுக்கினேன். அவர் கையிலிருந்து கேனைப் பிடுங்கினேன்.

"அம்மாடி, வேணாம்..." என்றவர் பேச்சை நிறுத்திவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றார். "நான் ஒண்ணும் பாக்கல. ஆம்புலன்சுக்குப் போன் போடுறேன். நீ போ."

ஏழு கல்லுக்கு முன்னால் போகும்போது தலையைத் தூக்கவில்லை. செருப்பு பாறையில் டப் டப் என்று அடித்தது. அவ்வளவு சத்தம் நான் வாழ்நாளில் செய்ததில்லை.

அக்கா தலையில் தண்ணீர் ஊற்றினேன். வாயில் கொஞ்சம் போனது. மிச்சத்தை நாய்களுக்குக் குழியில் ஊற்றினேன். அக்கா காலில் செருப்பை மாட்டி, தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தேன். பிஸ்கட் ஊளையிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பாறை ஆறிய பிறகு, சாயங்காலம் வீராசாமி மாமா இரண்டையும் கூட்டிவந்து வீட்டில் விட்டார். அம்மாவிடம் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். ஒரு வாரம் தள்ளி வேலைக்கும் போய்விட்டாள். செருப்போடு நடந்து வந்தது அவளுக்கு நினைவே இல்லை. நானும் சொல்லவில்லை.

தினமும் விடிந்ததும் கண்ணாடியில் கழுத்தைப் பார்க்கிறேன். கையைப் பார்க்கிறேன். இன்றோடு பதினான்கு நாள். எனக்கு ஒன்றும் இல்லை.

இன்று காலை அக்கா போன் செய்தாள். நான் வாசலில் பிஸ்கட்டுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹாஸ்டல்ல ஒரே புழுக்கம்டி. முதுகுல ரெண்டு கொப்புளம் வேற. வேர்க்குருவாத்தான் இருக்கும்."

"அக்கா, அதுல தண்ணி கோத்துகினு இருக்குதா?"

"ஏன்டி கேக்கிற? இரு, கண்ணாடில பாத்துட்டு சொல்றேன்."

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். என் காலில் அதே செருப்பு. மெல்லக் கழற்றி, காலால் தூரத் தள்ளினேன்.