வாளிக்கடல்

மேர்சி ரீச்சரின் பாட்டு ஒன்றாவது தெரியாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பாலர் வகுப்பைத் தாண்டுவது கடினம். குருநகரில் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்த காலத்தில், ‘ர’வையும் ‘ற’வையும் குழப்பிய பிள்ளைகளுக்காக நாலு வரி எழுதினார். அது அவர்களின் வாயில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. எழுதிய பாட்டை இடைவேளையில் கயிறடித்து விளையாடும் பிள்ளைகளிடம் கொடுப்பார். எந்த இடத்தில் கயிறு காலில் தடக்குகிறதோ அந்த இடத்தில் சொல் பிழை என்பது அவருடைய நம்பிக்கை. அன்றைக்கே மாற்றிவிடுவார். நல்லூரில் சின்ன அச்சகம் வைத்திருந்த மார்க்கண்டு அந்தப் பாட்டுகளைப் படப் புத்தகங்களாகப் போட்டார். கோபிசங்கர் என்ற சித்திர ஆசிரியர் படம் வரைந்தார். ரீச்சர் கலியாணம் செய்யவில்லை. யாராவது அதைப் பற்றி விசாரித்தால், “எனக்கு வருசத்துக்கு முப்பது பிள்ளையள்” என்று சிரிப்பார்.

அந்தப் புத்தகங்களில் எல்லாவற்றையும்விட அதிகம் விற்றது ‘வாளிக்கடல்’.

அதில் வரும் பையன் கற்பனை அல்ல. ஜெனிஸ் என்று அவருடைய வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கனிசியஸ் என்ற மீனவரின் மகன். பள்ளி விட்டதும் மற்றப் பொடியன்கள் இறங்குதுறையில் கட்டியிருக்கும் வள்ளங்களில் ஏறிக் குதிப்பார்கள். ஜெனிஸ் ஏற மாட்டான். யாராவது இழுத்தால் கத்தி அழுவான். ஆனால் தினமும் ஒரு சின்னச் சிவப்பு வாளியில் கடல் தண்ணீரை மொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி, சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோவான். ரீச்சர் வகுப்பறை யன்னலால் அதைப் பார்த்தார். கடலுக்குப் பயந்த பையன், தனக்கென்று ஒரு குட்டிக் கடலை வீட்டில் வைத்துக்கொள்கிறான். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. தோன்றிய உடனேயே பாட்டும் வந்துவிட்டது.

வாளிக் குள்ளே கடலிருக்கு
வந்து பாரு ஜெனிசு!
ஆளை விழுங்கும் அலையிதில் இல்லை
அழுவ தேனோ மனசு?

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஜெனிஸின் கையில் கொடுத்தார். பிள்ளைகள் பாட்டைப் பாடிக் கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து ரீச்சர் அவன் கன்னத்தில் தட்டினார். சில வருடங்களில் அவனும் தாயும் குருநகரை விட்டுப் போய்விட்டார்கள். வளர்ந்த பிறகு அவன் பண்டத்தரிப்புப் பக்கம் கலியாணம் செய்து தோட்டம் செய்கிறான் என்று யாரோ சொன்னார்கள். கடற்கரைப் பிள்ளை தோட்டக்காரனாகிவிட்டானே என்று ரீச்சர் வேடிக்கையாக நினைத்துக்கொண்டார்.

போன ஒக்ரோபரில், வாசிப்பு மாதத்துக்காகப் பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடம் ஒன்று அவரை அழைத்தது. ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆனாலும், பிள்ளைகள் என்றால் அவர் மறுப்பதில்லை. மாலை போட்டு, பன்னீர் தெளித்து, மேடையில் இருத்தினார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘வாளிக்கடலை’ அபிநயத்தோடு பாடினார்கள். ‘ஆளை விழுங்கும்’ என்ற இடத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து காட்ட, மண்டபம் சிரித்தது.

ரீச்சர் பூரித்துப்போனார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

“பிள்ளையள், உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டே? இந்த ஜெனிஸ் உண்மையான ஆள். குருநகரிலை என்ரை வகுப்பிலை படிச்சவன். கனிசியஸ் எண்டவரின்ரை மகன். இப்ப பெரிய ஆளாகி உங்கடை ஊரிலைதான் இருக்கிறானாம்!”

முன்வரிசையில் ஒரு சிறுமி துள்ளி எழும்பினாள்.

“ரீச்சர், அது எங்கடை அப்பா! எங்கடை அப்பப்பாதான் கனிசியஸ்!”

“மெய்யே? உன்ரை பேர் என்னம்மா?”

“லவீனா.”

ரீச்சர் கீழே இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அதற்குள் பின்னால் ஒரு பையன் கத்தினான்: “லவீனாவின்ரை அப்பா தண்ணிக்குப் பயமாம்!” இன்னொருவன், “வாளி அப்பா! வாளி அப்பா!” என்றான். மண்டபம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. ரீச்சரும் சிரித்துவிட்டார். அவருடைய கைக்குள் நின்ற பிள்ளையின் உடம்பு இறுகியதை அவர் உணர்ந்தார். குனிந்து பார்த்தார். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளி விட்ட பிறகு, வாசலில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். காலில் செம்மண். முகத்தைப் பார்த்ததும் ரீச்சருக்கு விளங்கியது. கனிசியஸின் அதே நெற்றி. ரீச்சர் அவரிடம் விரைந்து போனார்.

“ஜெனிஸ்! என்னைத் தெரியுதே?”

“ஓம் ரீச்சர். தெரியும்.” அவன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி மரியாதையாக நின்றான். லவீனா ஓடி வந்து அவன் கால்களைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்தாள்.

“என்னம்மா, என்ன நடந்தது?”

“எல்லாரும் உங்களை வாளி எண்டு சொல்லுறாங்கள்” என்று அவள் அவன் உடுத்திருந்த சாரத்துக்குள் சொன்னாள்.

ஜெனிஸின் முகத்தில் இருந்த மரியாதைச் சிரிப்பு அணைந்தது. மகளை உள்ளே போய்ப் புத்தகப் பையை எடுத்துவரச் சொன்னான். அவள் போனதும் ரீச்சர் பக்கம் திரும்பினான்.

“சொல்லிப் போட்டியளோ ரீச்சர்?”

“நான் பெருமையாத்தான் சொன்னனான், ராசா. உன்ரை பாட்டெண்டு...”

“இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் இஞ்சை வந்தனான்.” அவன் குரலை உயர்த்தவில்லை. “குருநகரிலை எனக்கு வேறை பேர் இருக்கேல்லை. பள்ளிக்கூடத்திலை வாளி. கோயிலிலை வாளி. கிரிக்கெற் விளையாடினாலும் வாளி. ஒருக்கால் எங்கடை சின்னையா வள்ளத்திலை வா எண்டு கூப்பிட, கரையிலை நிண்டவங்கள் எல்லாம் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிட்டாங்கள். அண்டைக்கு அம்மாட்டைச் சொன்னனான், இஞ்சை இனி இருக்கேலாது எண்டு.”

“நீ பயப்பட்டது பிழையில்லை எண்டுதானே எழுதினனான்” என்றார் ரீச்சர்.

“எனக்குக் கடலுக்குப் பயமில்லை ரீச்சர்.”

அவன் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தான். மகள் இன்னும் வரவில்லை.

“அப்பாவின்ரை வள்ளம் புயலிலை போனது உங்களுக்குத் தெரியும். ஆளும் வரேல்லை, உடம்பும் வரேல்லை. அம்மா எனக்கு என்ன சொன்னவ தெரியுமே? அப்பா கடலோடை கலந்திட்டார் எண்டு சொன்னவ. நான் சின்னப் பொடியன். கடலைக் கொஞ்சம் கொஞ்சமா வீட்டை கொண்டு வந்தால், அப்பாவும் வந்திடுவார் எண்டு நினைச்சனான். பின்வளவிலை இருந்த தொட்டியிலை ஊத்தி ஊத்தி வைச்சனான். வள்ளத்திலை ஏறாதது, அப்பாவுக்கு மேலை மிதிக்கிற மாதிரி இருந்தபடியால்.”

கனிசியஸ் கடலில் போனது ரீச்சருக்குத் தெரியும். கோயிலில் நடந்த திவசப் பூசைக்கே அவர் போயிருந்தார். தெரிந்தும் வாளியையும் அந்தச் சாவையும் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவருக்கு அப்போது தேவைப்பட்டது ‘வாளி’க்கு ஒத்துவரும் ஒரு சொல். ‘ஆளை விழுங்கும்’ என்பது எதுகைக்காக வந்து விழுந்தது. அது நன்றாக விழுந்ததென்று அவர் அன்றைக்குச் சந்தோசப்பட்டதுகூட நினைவில் இருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளையை நடுவில் நிறுத்தி, அந்த வரியை வகுப்பு முழுவதையும் பாட வைத்திருக்கிறார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே” என்றான் ஜெனிஸ்.

லவீனா பையோடு வந்தாள். அவன் அவளை முன்னால் இருத்திக்கொண்டு, “வாறன் ரீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாளே ரீச்சர் நல்லூருக்குப் போனார். ‘வாளிக்கடலின்’ புதிய பதிப்பு அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அதை நிறுத்தச் சொன்னார். மார்க்கண்டு திகைத்துப்போனார்.

“பேர்தானே பிரச்சினை? டினேஸ் எண்டு மாத்துவம். சந்தமும் குழம்பாது.”

“டினேஸ் எண்டு ஒரு பிள்ளை எங்கையோ இருக்கும், மார்க்கண்டு.”

“அப்ப நண்டு, ஆமை எண்டு ஏதாவது...”

“வேண்டாம். உந்தப் புத்தகம் இனி வேண்டாம்.”

அச்சு நின்றது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. அது புத்தகத்தில் இருந்து எப்போதோ இறங்கிப்போய்விட்டது. பாலர் பாடசாலைகளின் கலைவிழாக் காட்சிகள் கைத்தொலைபேசிகளில் சுற்றின. கனடாவில் இருந்து யாரோ ஒருவர் அதற்கு மெட்டுப் போட்டு அனுப்பியிருந்தார். அவர்கள் எல்லோருக்கும் எழுதி நிறுத்தச் சொல்ல ரீச்சருக்கு வழி இருக்கவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல், சில கிழமைகளுக்குப் பிறகு அவர் மறுபடி பண்டத்தரிப்புக்குப் போனார். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். ஜெனிஸின் மனைவி சுபாஜினி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். லவீனா கதவடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“பள்ளிக்கூடத்திலை இப்பவும் சொல்லுறாங்களோ?” என்று ரீச்சர் கேட்டார்.

“ஒரு பொடியனுக்கு இவள் அடிச்சுப் போட்டாள்” என்றாள் சுபாஜினி. “இப்ப கொஞ்சம் குறைவு.”

ஜெனிஸ் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தான். ரீச்சர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஜெனிஸ், நான் பிழையா எழுதிப் போட்டன். உண்மையை ஒருக்கால் எழுத விடுவியே? பேர் போடாமல் எழுதிறன். அந்தப் பிள்ளை ஏன் கடலைக் கொண்டு போனான் எண்டு. வாசிச்சால் ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்.”

கோபப்படுவான் என்று ரீச்சர் எதிர்பார்த்தார். அவன் கோபப்படவில்லை.

“நல்லா எழுதுவியள் எண்டு தெரியும் ரீச்சர்” என்றான். “எல்லாரும் அழுவினம். பிறகு அதையும் மேடையிலை ஆடுவினம். அப்பா என்னோடையே இருக்கட்டும். எழுதாதேங்கோ.”

“சரி ராசா” என்றார் ரீச்சர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுவதும் நினைத்து வந்த சொற்கள், அந்த வீட்டு விறாந்தையில் வைத்துச் சொல்ல முடியாத அளவுக்கு அழகாகத் தோன்றின. அதனால் அவற்றைச் சொல்லாமல், “மன்னிச்சுக்கொள்” என்று மட்டும் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். அது ஓம் என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவனே மோட்டார் சைக்கிளில் ஏற்றி அவரைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டான். பேருந்து வரும்வரை பக்கத்திலேயே நின்றான். ஏறும்போது அவருடைய பையை வாங்கி வைத்திருந்து கொடுத்தான்.

பேருந்து புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும், அவர் கூப்பிடாமலே, எழுதக் கூடாத அந்தப் பாட்டின் முதல் வரி வந்தது. எதுகையோடு, மோனையோடு, ஒரு அசை குறையாமல் வந்தது. இரண்டாவது வரியும் பின்னால் வந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் தான் எழுதிய எதையும்விட அது நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. ரீச்சர் பக்கத்தில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பி, “உங்கடை பக்கம் மழை பெய்ததோ, பிள்ளை?” என்று கேட்டார். அந்தப் பெண் பெய்த மழையையும், தோட்டத்தில் நின்ற வெள்ளத்தையும், அழுகிய வெங்காயத்தையும் சொல்லத் தொடங்கினாள். ரீச்சர் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டு, யாழ்ப்பாணம் வரும்வரை அவளைக் கதைக்க வைத்தார்.