கை மாறிய குரங்கு

தியோக்ளேசியோ ஓய்வுபெற்ற பஸ் செக்கர். புது ஃப்ரிட்ஜுக்காக மனைவி ஜுரேமா சேர்த்திருந்த மூவாயிரம் ரெயாலை ஓடு சுடும் கம்பெனி ஒன்றின் பங்கில் போட்டுவிட்டார். ஒரு பங்கு முப்பது காசு. மொத்தம் பத்தாயிரம் பங்கு. பழைய ஃப்ரிட்ஜோ பாலைச் சூடாக்கித் தந்துகொண்டிருந்தது.

சாவ் பாவ்லோவில் இந்த மாதிரிப் பங்குக்கு மீக்கோ, அதாவது குட்டிக் குரங்கு என்று பெயர். அங்குள்ள ஒரு சீட்டாட்டத்தில் ஜோடியில்லாத குரங்குச் சீட்டு கடைசியில் யாரிடம் தங்குகிறதோ, தோற்றவர் அவர்தான்.

ஜுரேமாவின் தம்பி வால்தோமீரோ, பாஸ்டனில் ஆறு வருஷம் தட்டு கழுவியவன். இதற்கு இங்கிலீஷ் பெயர்களும் அறிவான்.

"அங்க இதப் பென்னி ஸ்டாக்குன்னுவாங்க மச்சான். மரியாத கொறஞ்சா குப்பை. இன்னும் கொறஞ்சா நாயும் பூனையும்."

"நாம குரங்கோட நிறுத்திக்கிட்டோம் மாப்ளே. கௌரவமானவங்க."

வெள்ளிக்கிழமை மதியம் தியோக்ளேசியோ மூலை பாரில் உட்கார்ந்து போனைத் திறந்தார். பங்கின் விலை முப்பது ரெயால். மனக்கணக்கில் மூன்று லட்சம். பாரில் இருந்த அத்தனை பேருக்கும் பீரும் கோழி அடைத்த கோஷின்யாவும் சொன்னார். சிக்னலில் நின்ற பஸ்ஸுக்குள்ளும் ஒரு தட்டு போயிற்று. அந்த பஸ் அன்று மூன்று முறை அதே தெருவைச் சுற்றி வந்தது.

வால்தோமீரோ பக்கத்து நாற்காலியில் இருந்தான். மேசைக்கடியில் போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

செய்தி கேட்டு வந்த ஜுரேமா கணவரின் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு அவர் காதோரம் குனிந்தாள்.

"எத்தன பங்கு இருக்குன்னு பாத்தியா?"

"பத்தாயிரம்."

"நூறு. ஒரு ரெயாலுக்குக் கீழயே கெடக்கக் கூடாதுன்னு சந்தையில சொல்லிட்டாங்க. கம்பெனிக்காரன் நூறு பங்க ஒண்ணாக் கட்டிட்டான். அதே மூவாயிரந்தான்."

"பஸ்ஸுக்கெல்லாம் குடுத்துட்டேனே."

"அடுத்த வாரம் இதுவும் எறங்கும். இப்பவே வித்துடு."

பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்போல் விரலை வைத்தார். அதற்குள் ஏறியிருந்த முப்பத்துநாலு ரெயால் வீதம் நூறையும் எந்தப் புண்ணியவானோ வாங்கிக்கொண்டான். பார் பில் நானூறு போனாலும் ஃப்ரிட்ஜுக்கு மூவாயிரம் நின்றது.

அதே நொடி மேசைக்கடியில் ஒரு போன் கீச்சிட்டது.

"என்னடா வாங்குன?" என்றாள் ஜுரேமா.

"நீண்டகால முதலீடு அக்கா," என்றான் வால்தோமீரோ. "எத்தனன்னு கேக்காத. மச்சானுக்குப் பொறாமையா இருக்கும்."

 ஜுரேமா தம்பியின் தட்டில் இன்னொரு கோஷின்யாவை எடுத்து வைத்தாள்.