பேய்க்குப் போட்ட ட்யூப்லைட்

என் பேயைப் பார்த்து முதலில் பரிதாபப்பட்டவள் என் அம்மா ஒச்சாயிதான். கம்ப்யூட்டர் திரையில் இருட்டு குடோன், நடுவில் முகமே இல்லாத ஒருத்தி, கையில் நூல் வெட்டும் டிரிம்மர். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அந்தப் புள்ளைக்கு யாரும் சோறு போடலயா? இப்புடி வத்திப்போயிக் கெடக்கா?" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்த பேய் அது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். நான் வேல்விழி, ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிரிண்ட் டிசைனர். வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டையில் சிரிக்கும் கரடி, வாத்து, தர்பூசணி எல்லாம் என் கைவண்ணம்தான். நாள் முழுக்கக் கரடியின் கன்னத்துக்கு ரோஸ் கலர் அடித்துப் பாருங்கள், உங்களுக்கும் யாரையாவது பயமுறுத்தவேண்டும் என்று தோன்றும்.

இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த மென்பொருளை வைத்து அந்த விளையாட்டைச் செய்தேன். பெயர் 'தேர்ட் ஷிப்ட்'. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் பனியன் கம்பெனிக்குள் மாட்டிக்கொள்கிறாள். கேட் பூட்டியாகிவிட்டது. அவள் ஒவ்வொரு அறையாகச் சாவி தேட வேண்டும். செக்கிங் மேஜையில் அந்த முகமில்லாதவள் நின்று பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். செக்கிங்கில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என் விளையாட்டில் அந்த அம்பு முதலில் சுவரில் தெரியும். அப்புறம் கதவில். அப்புறம் நம் கையில். பிறகு டிரிம்மர் சத்தம் கேட்கும்.

இதைப் பார்த்துத்தான் வீடே சிரித்தது. அண்ணன் ராஜ்கமல் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு என் கம்ப்யூட்டர் மேல் ஒரு கண். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடை ஒன்றைத் தீபாவளிக்குள் திறக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் பாதி இடத்தை ஏற்கெனவே அவன் பாட்டுகள்தான் அடைத்துக்கொண்டிருந்தன.

"இங்க பாரு புள்ள. தீபாவளிக்குள்ள ஒருத்தனாச்சும் இதப் பாத்துப் பயந்தான்னு காட்டு. கம்ப்யூட்டர நான் தொடல. இல்லன்னா அது கடைக்கு வந்துரணும்."

நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் சோற்றை விட ரோஷம் அதிகம். ஆனால் ரோஷத்தைத் தாண்டியும் ஒன்று இருந்தது. யாராவது ஒரே ஒரு ஆள் பயந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான் கரடி வரையவே பிறந்தவள் என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் சுரேந்தர் உள்ளே வருகிறார். எங்கள் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாமளாபுரத்துக்காரர், அப்பாவுக்குச் சொந்தத் தறி உண்டு. தங்கமான மனிதர். தன் காலை மிதித்தவனிடமே, காலை அங்கே வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்பார். எனக்கு ஆங்கிலம் 'ஆர்ட்வொர்க் அப்ரூவ்ட்' வரைக்கும்தான் வரும். அவரோ நாள் முழுக்கத் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுபவர். ஆகவே விளையாட்டை ஒரு வெளிநாட்டு வெப்சைட்டில் இலவசமாகப் போட்டதும், ஆடுகிறவர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துப் பதில் போடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன்.

மெர்ச்சண்டைசர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பையருக்கு முதலில் ஒரு சாம்பிள் துணி போகும். அவன் குறைகளை எழுதி அனுப்புவான். கழுத்து பெரிசு, கலர் டார்க், பட்டன் மிஸ்ஸிங். உடனே "சிரமத்துக்கு வருந்துகிறோம், தங்கள் குறிப்பை ஏற்றுக்கொண்டோம், திருத்தி அனுப்புகிறோம்" என்று எழுதிவிட்டு அடுத்த சாம்பிள் தைக்க வேண்டும். பையர் எதிர்த்துப் பேசக்கூடாத சாமி. சுரேந்தர் அந்தக் கோயிலில் வருஷக்கணக்காகப் பூசாரி.

ஒவ்வொரு வாரமும் டீ நேரத்தில் அவரிடம் கேட்பேன்.

"யாராச்சும் பயந்தாங்களா?"

"நல்லாருக்குதுனு சொல்றாங்க. படம் அழகா இருக்குதுங்களாம். ஆனா சின்னச் சின்ன கமெண்ட்ஸ் இருக்குதுங்க." தலையைச் சொறிவார். "ஷேடு ரொம்ப டார்க்குங்களாம். கொஞ்சம் வெளிச்சம் பண்ணோணுமுங்க."

ஆடுகிறவர்களே சொன்னால் என்ன செய்வது? வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே குடோனில் ட்யூப்லைட் போட்டேன். அடுத்த வாரம், டிரிம்மர் சத்தம் ஜாஸ்தி என்றார். குறைத்தேன். அதற்கடுத்த வாரம், "அந்தம்மாவுக்கு மூஞ்சி மிஸ்ஸிங்குனு நெறையப் பேரு எழுதியிருக்கறாங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு முகம் வரைந்தேன். பொட்டும் வைத்தேன். கடைசியில், பேக்கிங்குக்கு முன்னால் அம்பு ஸ்டிக்கரை எடுத்துவிட வேண்டும் என்று வந்தது. அதையும் எடுத்தேன். கம்ப்யூட்டரில் இடமில்லாததால் பழைய ஃபைல் மேலேயே புதியதை ஏற்றினேன், வெப்சைட்டிலும் மாற்றினேன். என் தேர்ட் ஷிப்ட் இப்போது ஜவுளிக் கடை விளம்பரம் போல இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இப்பத்தான் புள்ள லச்சணமா இருக்கா" என்றாள்.

யாரும் பயப்படவில்லை. 2008 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, கடைசியாக ஒரு முறை கேட்டுவிடலாம் என்று சுரேந்தர் மேஜைக்குப் போனேன். அவர் கூரியர்காரனைப் பார்க்கப் போயிருந்தார். திரையில் எங்கள் மெயில் திறந்தே இருந்தது. அதில் இரண்டு ஃபோல்டர்கள். 'அப்ரூவ்ட்' என்பதில் ஒன்றிரண்டு கடிதம். 'கம்ப்ளெய்ன்ட்' என்பது நிரம்பி வழிந்தது.

கம்ப்ளெய்ன்டைத் திறந்தேன். நீள நீளமான ஆங்கிலம், ஒன்றும் புரியவில்லை. ஆனால் 'ஸ்கேர்ட்' என்றால் பயந்துபோவது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைத் தேடித்தான் டிக்‌ஷனரியும் கையுமாக அலைந்திருந்தேன். அது முதல் கடிதத்தில் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. நான் பார்த்த எல்லாவற்றிலும் இருந்தது.

சுரேந்தர் திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளிறி நின்றார்.

"அது வந்துங்க... உங்க மனசு கஷ்டப்படுமுன்னுதான் காட்டலீங்க."

"படிச்சுச் சொல்லுங்க."

"இது பின்லாந்துங்க. இந்தம்மா லைட்டை அணைக்காமத்தான் தூங்கறாங்களாமா. நான் சாரி சொல்லி எழுதீட்டனுங்க."

"அடுத்தது."

"இது போலந்துல ஒரு காலேஜ் பையனுங்க. சுவத்துல அம்பு வந்ததுமே கம்ப்யூட்டரை மூடினவன், அப்பறம் தொறக்கவே இல்லைங்களாம். அவனுக்கும் வருத்தம் தெரிவிச்சுட்டனுங்க."

"அடுத்தது."

"இதுதானுங்க ரொம்ப சீரியஸ். ஜெர்மனி. வெளையாடி முடிச்சுப்போட்டு, போட்டிருந்த பனியனைக் கழட்டி உள்பக்கம் அம்பு இருக்குதான்னு பாத்தாராமா. அம்பு இல்ல, லேபிள்ல இந்தியான்னு இருந்துச்சாமா. பனியனைச் சேர்ல போட்டுட்டாரு. இப்ப சேரைப் பாத்தாலே பயமா இருக்குதுங்களாம்." சுரேந்தர் தொண்டையைச் செருமினார். "ஸ்டைல் நம்பர் அனுப்புங்க, மாத்து பீஸ் தர்றோமுன்னு எழுதியிருக்கறனுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பிறந்ததிலிருந்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அதே சமயம் அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. வழக்கமாக அவரை 'வாங்க போங்க' என்பவள், ஊர்ப் பேச்சுக்குப் போய்விட்டேன்.

"ஏய்யா, ஒனக்குக் கூறு இருக்கா? இதெல்லாம் கம்ப்ளெய்ன்டாய்யா? பேய் வெளையாட்டு வெளையாடிப்புட்டு பயந்தேன்னு எழுதுனா அதுக்குப் பேருதான்யா அப்ரூவல்!"

"இத்தன பேரு தூக்கமில்லாம செரமப்படறாங்க. அதைய எப்படிங்க அப்ரூவல்ல போடறது?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஆனா ஒண்ணுங்க, லைட்டு போட்டப்பறம் வந்த மெயிலெல்லாம் பழையது எங்க, பழையது எங்கன்னே கேக்குதுங்க. அதையுந்தான் கம்ப்ளெய்ன்ட்ல போட்டு வெச்சிருக்கறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழையது எங்கே? என் கையாலேயே அழித்தாகிவிட்டது. இருட்டு, அம்பு, முகமில்லாதவள், ஒன்றும் மிச்சமில்லை. உலகத்தின் ஏதேதோ மூலைகளில் பயந்தவர்களெல்லாம் பயந்தது, இப்போது இல்லாத ஒன்றைப் பார்த்து. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சுரேந்தர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு சாம்பிள் பீரோவைத் திறந்தார். கைக்குழந்தைச் சட்டைகளும் என் கரடிகளும் வாத்துகளும் பாலித்தீன் பைகளில் தொங்கின. அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு பையை உருவினார். அதற்குள் ஒரு சிடி. பையின் மூலையில் முறையாகக் குத்திய அட்டை: தேர்ட் ஷிப்ட், ஃபர்ஸ்ட் சாம்பிள், கலர் பிளாக்.

"வெப்சைட்ல போட்ட அன்னைக்கே ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டனுங்க. கவுன்டர் சாம்பிள் வெக்காம எப்படிங்க வெளிய அனுப்பறது?" என்றார். பையருக்கு ஒரு துணி போனால் அதன் ஜோடி ஒன்றைக் கம்பெனியில் பத்திரப்படுத்தி வைப்பது இங்கே வழக்கம். நாளைக்குத் தகராறு வந்தால் எடுத்துக் காட்டலாம். எந்தப் பழக்கம் என் பேயைக் கெடுத்ததோ அதே பழக்கம் அதைப் பாலித்தீன் பையில் போட்டுக் காப்பாற்றியும் வைத்திருந்தது. திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

"ஆமா, நீங்க இத வெளையாடிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

திடீரென்று அவருக்குக் கூரியர் ரசீதில் பெரிய வேலை வந்துவிட்டது. சிடியைக் காப்பி எடுத்து மறுநாள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜ்கமல் ஒரு குட்டியானை லோடு வண்டியோடு வந்து நின்றான். நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த கடிதங்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். பின்லாந்து, போலந்து, ஜெர்மனி என்று பெருமையாகச் சொன்னேன். அவன் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இங்கிலீசுல என்னத்த எழுதியிருந்தா எனக்கென்ன தெரியும்? நீயே டைப் அடிச்சிருப்ப. பயந்த ஆளக் காட்டு."

ஜெர்மனிக்காரனை நான் எங்கே போய்ப் பிடிப்பது? ராஜ்கமல் கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான். வண்டிக்காரர் வாசலில் கயிற்றை அவிழ்த்தார்.

"நானுங்க."

திரும்பிப் பார்த்தோம். சுரேந்தர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, சிடிப் பையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னது?" என்றான் அண்ணன்.

"பயந்த ஆளு நானுங்க. மொத மொத வெளையாடுனது நாந்தான். அன்னைக்கு பாத்ரூம் போறதுக்கு எங்கம்மாவ எழுப்பித் தொணைக்குக் கூட்டீட்டுப் போனனுங்க. அம்மா பேரு ரங்காத்தாளுங்க, வேணுமுன்னா போன் போட்டுக் கேளுங்க." அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கே இப்படின்னா வெளிநாட்டுக்காரங்க பாவமுன்னுதானுங்க எல்லாத்தையும் கொறைக்கச் சொன்னன். உங்ககிட்டச் சொல்றதுக்கு வெக்கமாப் போச்சு."

வண்டிக்காரர் சிரித்தார். அம்மா சிரித்தாள். ராஜ்கமல் தரையில் புரண்டு சிரித்தான். சுரேந்தர் அத்தனைக்கும் அசையாமல் நின்றார். சிரிக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். உலகமெல்லாம் தேடிய ஆள், தினமும் டீ கிளாஸோடு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்புடி என்னதான் இருக்கு அதுல? போடு பாப்போம்" என்றான் ராஜ்கமல். வயர்களைத் திரும்ப மாட்டிப் பழைய சாம்பிளை ஓடவிட்டேன். முன்பு அவன் பார்த்ததெல்லாம் என் தோளுக்கு மேலே நின்று, ஒரு நிமிஷம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனதுதான். இப்போது தானே உட்கார்ந்து ஆடினான். சுவரில் அம்பு வந்தபோது சிரித்தான். கதவில் வந்தபோது, "ம்" என்றான். கையில் வந்தபோது நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். டிரிம்மர் சத்தம் கேட்டதும் எழுந்துகொண்டான். சுரேந்தர் அதற்குள் வாசலுக்கே போயிருந்தார்.

"சின்னப் புள்ளைக வெளையாட்டு" என்றான் அண்ணன். "ஆனா பேச்சு பேச்சுதான். ஆளக் காட்டிட்ட. வச்சுக்க. நான் வேற பழசு ஒண்ணு பாத்துக்கிர்றேன்."

கழற்றி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான். போட்டுக்கொள்ளப் போனவன் நின்றான். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தோள், கை, விலாத் தையல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தையல் பிரிஞ்சிருக்கான்னு பாத்தேன்" என்றான்.

தீபாவளி லீவு முடிந்ததும் பழைய தேர்ட் ஷிப்ட்டையே வெப்சைட்டில் ஏற்றிவிட்டு சுரேந்தரிடம் போனேன்.

"இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்குங்க" என்றேன்.

அவர் பதறிப்போய் கீபோர்டை இழுத்தார். "எந்த நாடுங்க? சாரி சொல்லி எழுதட்டுங்களா?"

"உசிலம்பட்டி. சாரியெல்லாம் வேணாம், அப்ரூவ்ட்ல போடுங்க."